கைப்பேசிக் கதிர்வீச்சு: அளந்து அஞ்சுவதற்கு ஒரு கையேடு

இன்றிரவு 12.30 மணி முதல் 3.30 மணி வரை செவ்வாய்க் கோளிலிருந்து அண்டக் கதிர்கள் பூமியைக் கடக்கின்றன என்றும், கைப்பேசியை அணைத்து உடலிலிருந்து தள்ளி வைக்குமாறு நாசாவே அறிவித்துள்ளது என்றும் கூறும் செய்தி ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் தலைகாட்டாமல் இருப்பதில்லை. நாசா அப்படி எதையும் அறிவித்ததில்லை. ஆயினும் அச்செய்தியை நம்பி இரவில் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படுக்கும் ஒருவர், மறுநாள் காலை அதே கைப்பேசியைத் தலைக்கவசத்துக்கும் கன்னத்துக்கும் நடுவே செருகிக்கொண்டு, பேசியபடியே இரு சக்கர வாகனத்தில் அலுவலகம் செல்வதை எந்த ஊர்ச் சாலையிலும் காணலாம். அச்சம் ஓரிடத்திலும் ஆபத்து வேறோரிடத்திலும் இருப்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடைக்காது. கைப்பேசியால் உடலுக்கு என்னென்ன தீங்கு வரக்கூடும், அவற்றுள் எது உறுதியானது, எது ஐயத்துக்குரியது, ஒவ்வொன்றுக்கும் வீட்டில் என்ன செய்யலாம் என்பதை இக்கையேடு வரிசைப்படுத்த முயல்கிறது. மக்கள் அதிகம் கேட்பது கதிர்வீச்சைப் பற்றி என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். முதன்மையான ஆபத்து அதுவே என்று நான் கருதுவதால் அன்று.

முதலில், அது எவ்வகைக் கதிர் என்பதை அறிந்துகொள்ளுங்கள்

எக்ஸ் கதிரையும் கைப்பேசி அலையையும் கதிர்வீச்சு என்ற ஒரே சொல்லால் குறிப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. எக்ஸ் கதிர், காமாக் கதிர் ஆகியவற்றின் ஒவ்வொரு துகளும் ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறியும் அளவுக்கு ஆற்றல் கொண்டது. உயிரணுவின் மரபுப் பொருளான டிஎன்ஏவை அது நேரடியாகச் சிதைக்க வல்லது. கைப்பேசி பயன்படுத்தும் அலைகளோ பெரும்பாலும் 700 மெகாஹெர்ட்ஸ் முதல் 3,600 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வானொலி அலைகள். அவற்றின் ஒரு துகளின் ஆற்றல், நாம் கண்ணால் காணும் சாதாரண வெளிச்சத்தின் ஒரு துகளைவிட ஏறத்தாழ இரண்டு லட்சம் மடங்கு குறைவு. வேதிப் பிணைப்பை உடைக்கும் வலிமை அவற்றுக்கு இல்லை. ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுள்ள ஒரே விளைவு, அவை திசுக்களைச் சற்றே சூடாக்குவதுதான். அதுவும் கைப்பேசியின் அளவில் ஒரு டிகிரியின் சிறு பின்னமாகவே இருக்கும். நீண்ட நேரம் பேசினால் காது சூடாவது உண்மை. ஆனால் அதற்குப் பெரும்பாலும் பேட்டரியும் உள்ளிருக்கும் மின்சுற்றும் வெளியிடும் வெப்பமும், கைப்பேசி காதை மூடிக் காற்றுப் படாமல் செய்வதுமே காரணம்.

இங்கே ஓர் எதிர்வாதத்துக்கும் இடம் தர வேண்டும். வெப்பம் தவிர வேறு வழியில் அலை உயிரணுவைப் பாதிக்கவே முடியாது என்று இயற்பியலை மட்டும் வைத்து அறுதியிட்டுவிட்டால், மனிதர்களை ஆராயும் தேவையே இல்லாமல் போய்விடும். அந்த ஆராய்ச்சி நடந்தது சரியே. கோடிக்கணக்கானோர் நாள்தோறும் தலையோடு ஒட்டி வைக்கும் கருவி என்பதால், மிகச் சிறிய தீங்கு இருந்தாலும் அது பெரிய எண்ணிக்கையாக வெளிப்படும். ஆகவே கடந்த முப்பது ஆண்டுகளில் வெளிப்பட்டது என்ன என்று பார்ப்போம்.

ஆய்வுச் செய்தியைப் படிப்பது எப்படி

உலக சுகாதார நிறுவனத்தின் அங்கமாகப் பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2011 மே மாதம் வானொலி அலைகளை 2பி என்ற பிரிவில் சேர்த்தது. புற்றுநோயை உண்டாக்கக்கூடும், ஆனால் சான்று வலுவாக இல்லை என்பதே அப்பிரிவின் பொருள். நாளிதழ்த் தலைப்புகளோ கைப்பேசி புற்றுநோய் தரும் என்று எழுதின. இந்த முகமை எடுத்துக்கொள்ளும் கேள்வி, ஒரு பொருள் தீங்கு செய்ய வல்லதா என்பது மட்டுமே. அன்றாட அளவில் அது எவ்வளவு தீங்கு செய்கிறது என்பதை அந்தப் பிரிவு சொல்லாது. கற்றாழையின் முழு இலைச் சாறும், ஆசிய நாடுகளில் மரபு முறையில் ஊறவைக்கும் காய்கறிகளும் அதே 2பி பிரிவில்தான் உள்ளன. மாறாக, புற்றுநோயை உண்டாக்குவது உறுதி என்னும் முதற் பிரிவில் புகையிலை, மது ஆகியவற்றோடு நம் பாக்கும் இடம்பெற்றுள்ளது. வெற்றிலையும் பாக்கும் மென்றபடியே கைப்பேசி அலையைப் பற்றிக் கவலைப்படும் பெரியவர் யாரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், எதைக் கைவிடச் சொல்ல வேண்டும் என்பது இப்போது விளங்கும்.

2பி முடிவுக்குப் பெரிதும் அடிப்படையாக அமைந்தது, 13 நாடுகளில் நடந்து 2010ஆம் ஆண்டு வெளியான இன்டர்ஃபோன் ஆய்வு. மூளைக் கட்டி வந்தவர்களையும் வராதவர்களையும் அழைத்து, முன்பு எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று கேட்டு ஒப்பிட்டார்கள். ஒட்டுமொத்தத்தில் கைப்பேசி பயன்படுத்தியோரிடம் கட்டி கூடுதலாகக் காணப்படவில்லை. சற்றுக் குறைவாகவே இருந்தது. ஆனால் மொத்தம் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகக் கூறிய உச்சப் பத்து விழுக்காட்டினரிடம் மட்டும் கிளையோமா என்னும் கட்டி 40 விழுக்காடு கூடுதலாகத் தெரிந்தது. 1,640 மணி நேரம் என்பதைப் பத்தாண்டுகளுக்குப் பிரித்தால் நாளுக்கு 27 நிமிடம் வரும். இன்றைய வழக்கத்துக்கு இது மிகச் சாதாரணம் என்பதால் இந்த எண் பலரை அச்சுறுத்துகிறது. ஆய்வாளர்களே சுட்டிக்காட்டிய குறை இங்கேதான் உள்ளது. பத்தாண்டுகளுக்கு முன் எவ்வளவு நேரம் பேசினோம் என்பது யாருக்கும் சரியாக நினைவிருக்காது. நோய் வந்தவரோ காரணத்தைத் தேடித் தேடி நினைவைத் துழாவுவார். நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கும் மேல் பேசியதாகக் கூறியவர்களும் அந்த உச்சப் பிரிவில் இருந்தார்கள்.

நினைவை நம்பாத ஆய்வுகள் வேறு விதமாக அமைந்தன. டென்மார்க்கில் 1995க்கு முன் கைப்பேசி இணைப்புப் பெற்ற லட்சக்கணக்கானோரின் சந்தாப் பதிவையும் நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டையும் பொருத்திப் பார்த்தார்கள். மூளைக் கட்டி கூடியதற்கான தடயம் கிடைக்கவில்லை. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை முன்னோக்கிப் பின்தொடர்ந்த காஸ்மோஸ் ஆய்வு 2024ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டபோதும் அதிகம் பேசியோருக்கும் குறைவாகப் பேசியோருக்கும் வேறுபாடு தெரியவில்லை. அதே ஆண்டு, உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் 63 ஆய்வுகளைத் திரட்டி அலசிய தொகுப்பும், பத்தாண்டுக்கு மேல் பயன்படுத்தியோர் உட்பட, மூளைப் புற்றுநோயோடு தொடர்பில்லை என்ற முடிவுக்கே வந்தது.

எலிகளில் நடந்த அமெரிக்க அரசு ஆய்வு ஒன்று 2018இல் பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. ஆண் எலிகளின் இதயத்தில் அரிய வகைக் கட்டி தோன்றியதற்குத் தெளிவான சான்று இருப்பதாக அது கூறியது உண்மை. அந்த எலிகள் நாளுக்கு 9 மணி நேரம், இரண்டாண்டுகள், உடல் முழுவதும், மனிதர்களுக்கு அனுமதிக்கப்பட்ட அளவைவிடப் பன்மடங்கு கூடுதலான அலையில் வைக்கப்பட்டிருந்தன என்பதும், அலை பட்ட ஆண் எலிகள் அலை படாத எலிகளைவிட நீண்ட காலம் உயிர்வாழ்ந்தன என்பதும் அதே அளவுக்கு உண்மை. இரண்டாவது பாதியை நீக்கிவிட்டு முதற்பாதியை மட்டும் பகிர்ந்தால் அது பொய்யாகிவிடும். எனவே இத்தகைய செய்தி கைக்கு வரும்போதெல்லாம் மூன்றை மட்டும் கேட்டுப் பழகுங்கள்: ஆய்வு நடந்தது யாரிடம், எலியிடமா மனிதரிடமா, பட்ட அளவு எவ்வளவு, பயன்பாட்டை அளந்தது பதிவேடா, நினைவா. இம்மூன்றுக்கும் செய்தியில் விடை இல்லையெனில் அதை மற்றவருக்கு அனுப்ப வேண்டாம்.

உங்கள் கைப்பேசியின் எண்ணைப் பார்ப்பது

கைப்பேசியில் எண் தட்டும் திரைக்குச் சென்று *#07# என்று தட்டுங்கள். பெரும்பாலான கருவிகளில் எஸ்ஏஆர் அளவு நேராகத் திரையில் தோன்றும். சிலவற்றில் தயாரிப்பாளரின் விளக்கப் பக்கத்துக்கு வழி காட்டும். உடல் திசு ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் ஆற்றலை உறிஞ்சுகிறது என்பதே இந்த எண். இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல், ஒரு கிராம் திசுவில் சராசரியாகக் கணக்கிட்டு, கிலோவுக்கு 1.6 வாட் என்பது வரம்பு. அதற்கு முன் நாம் பின்பற்றியது பத்து கிராமில் சராசரியாக 2 வாட் என்னும், ஐரோப்பாவில் இன்றும் உள்ள, தளர்வான அளவு. ஆக, இந்த ஒன்றில் நம் விதி ஐரோப்பாவைவிடக் கடுமையானது.

இந்த எண்ணைக் கொண்டு 0.8 உள்ள கைப்பேசி 1.2 உள்ளதைவிடப் பாதுகாப்பானது என்று தேர்ந்தெடுக்க முயல வேண்டாம். ஆய்வகத்தில் கருவியை அதன் முழு வலிமையில் இயக்கி, தலையின் மாதிரியருகே வைத்து, கிடைத்த மிக உயர்ந்த மதிப்பையே எஸ்ஏஆர் என்று குறிக்கிறார்கள். அன்றாடப் பயன்பாட்டில் கைப்பேசி முழு வலிமையில் இயங்குவது அரிது. டவர் அருகில் இருந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்ளும், தொலைவில் இருந்தால் உயர்த்திக் கத்தும். சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் பேசும் 1.2 கருவி, சிக்னல் இல்லாத அடித்தளத்தில் பேசும் 0.8 கருவியைவிடக் குறைவான அலையையே தலைக்குத் தரும். எண் வரம்புக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். அந்தச் சோதனையும் வெறும் சடங்கன்று: 2023 செப்டம்பரில் பிரான்சின் அலைவரிசை முகமை, ஐஃபோன் 12 கைகால்களுக்கான சோதனையில் 4 வாட் வரம்பைத் தாண்டி 5.74 வாட் காட்டியதாகக் கூறி விற்பனையையே நிறுத்தி, மென்பொருளைத் திருத்தச் செய்தது. வரம்புகள் தீங்கு தோன்றும் அளவுக்குப் பல மடங்கு கீழே வகுக்கப்படுகின்றன என்பதால், அந்தக் கைப்பேசியை வைத்திருந்தவர்கள் அஞ்சி நடுங்கத் தேவை இருக்கவில்லை.

செலவில்லாமல் குறைத்துக்கொள்ள

தீங்கு நிறுவப்படவில்லை என்றாலும், நாளெல்லாம் தொழில் நிமித்தமாகப் பேசுவோரும் குழந்தை உள்ள வீட்டினரும் அலையைக் குறைத்துக்கொள்ள விரும்பினால் அதில் தவறில்லை. அதற்குக் காசு செலவழிக்க வேண்டியதும் இல்லை. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு வெளியான ஸ்டூவர்ட் குழு அறிக்கையே, சான்று போதாத நிலையில் சிறுவர்கள் தேவையற்ற அழைப்புகளைத் தவிர்ப்பது நன்று என்றுதான் சொன்னது. முதன்மையான கருவி தூரம். அலையின் வலிமை தூரத்தோடு மிக விரைவாகத் தேய்கிறது. காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாலே தலைக்கு வருவது மிகச் சிறு பங்காகிவிடும். ஆகவே வீட்டில் பேசும்போது ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வையுங்கள். பேருந்தில் அவ்வாறு செய்து மற்றவர்களின் பொறுமையைச் சோதிக்காமல், கம்பியுள்ள இயர்போனைச் செருகிக்கொள்ளுங்கள். புளூடூத் கருவியும் அலையைத்தான் வெளியிடுகிறது என்பார்கள். அதன் வலிமை கைப்பேசியினுடையதில் மிகச் சிறு பங்கு என்பதால் அதுவும் குறைப்பே.

இரண்டாவது, சிக்னல். ஒற்றைக் கோடு மட்டும் தெரியும்போது, மின்தூக்கிக்குள், அடித்தள வண்டி நிறுத்துமிடத்தில், மலைப்பாதையில் ஓடும் பேருந்தில் நீண்ட பேச்சை வைத்துக்கொள்ளாதீர்கள். கைப்பேசி முழு மூச்சில் இயங்குவது அங்கேதான். பேட்டரி விரைவில் தீர்வதும் அதனால்தான். வெளியே வந்து, சன்னலோரம் நின்று பேசினால் பேச்சும் தெளிவாக இருக்கும். மூன்றாவது, பழைய 2ஜி இணைப்பு உச்ச நிலையில் 2 வாட் வரை வெளியிடும். 4ஜி கருவியின் உச்சம் ஏறத்தாழ 0.2 வாட். வீட்டுப் பெரியவர் இன்னும் பழைய பொத்தான் கைப்பேசியை வைத்துக்கொண்டு, கதிர்வீச்சு குறைவு என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தால், உண்மை அதற்கு நேர்மாறாகவும் இருக்கக்கூடும் என்பதை மெதுவாகச் சொல்லிவிடலாம்.

வாங்கக் கூடாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். கைப்பேசியின் பின்புறம் ஒட்டும் கதிர்வீச்சுத் தடுப்பு ஒட்டி, செம்புத் தகடு, படிகக்கல் பதக்கம் ஆகிய எவையும் பயன் தருவதில்லை. அமெரிக்க வணிக ஆணையம் இத்தகைய பொருள்களை விற்றோர் மீது 2002ஆம் ஆண்டிலேயே நடவடிக்கை எடுத்தது. நம் நாட்டிலும் 2020இல் மாட்டுச் சாணத்தில் செய்த சில்லு ஒன்று கதிர்வீச்சைக் குறைக்கும் என்று அறிமுகப்படுத்தப்பட்டு, அறிவியலாளர்கள் பலர் சான்று கேட்டுக் கடிதம் எழுதும் நிலை வந்தது. சற்று எண்ணிப் பாருங்கள்: அலையை முற்றாகத் தடுக்கும் ஒட்டியை ஒட்டினால் கைப்பேசியில் பேசவே முடியாது, ஓரளவு தடுத்தால், டவரை எட்டுவதற்காக அது இன்னும் உரக்கக் கத்தும்.

பேஸ்மேக்கர் போன்ற இதயக் கருவி பொருத்தியவர்களுக்கு மட்டும் தூரம் உறுதியான மருத்துவ விதி. கைப்பேசியைக் கருவியிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். மேல்சட்டைப் பையில் வைக்கக் கூடாது. கருவி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் காதில் பேச வேண்டும். பின்புறம் காந்தம் உள்ள புதிய கைப்பேசிகளில் இது மேலும் இன்றியமையாதது.

டவர் வீட்டருகே வந்தால்

பக்கத்து மாடியில் டவர் எழும்போது தெருவே கூடுவது வழக்கம். கைப்பேசிக் கோபுரங்களுக்கான வரம்பை 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா பன்னாட்டு வரம்பின் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு 0.45 வாட் என்பதே உச்சம். ஆன்டெனாவின் கதிர் கலங்கரை விளக்கின் ஒளிபோலக் கிடைமட்டமாகத் தொலைவுக்குச் செல்வதால், நேர் கீழே இருக்கும் வீட்டுக்கு வருவது குறைவு. ஐயம் தீரவில்லையெனில் போராட்டத்துக்கு முன் அளவீட்டைக் கேளுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் உங்கள் பகுதி டவர்களின் விவரத்தைப் பார்க்கலாம். கட்டணம் செலுத்தினால் துறையினர் நேரில் வந்து அளந்து காட்டுவார்கள். டவரைத் துரத்திய தெருவில் சிக்னல் குறைந்து, ஒவ்வொருவர் காதோரமும் கைப்பேசி கூடுதல் வலிமையில் இயங்குவது இந்தக் கதையின் வேடிக்கையான பின்னுரை.

சிட்டுக்குருவிகளை டவர்தான் அழித்தது என்ற நம்பிக்கை தமிழகத்தில் ஆழமாக வேரூன்றியுள்ளது. இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய 2020ஆம் ஆண்டு அறிக்கை, நாடு முழுவதும் குருவிகளின் எண்ணிக்கை பெரிதும் நிலையாகவே இருப்பதாகவும் சென்னை போன்ற பெருநகரங்களில் குறைந்திருப்பதாகவும் கூறியது. ஓட்டு வீடு போய்க் கூடு கட்ட இடுக்கில்லாத கட்டடம் வந்ததும், குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி இல்லாமற்போனதும் நெடுங்காலமாகச் சொல்லப்படும் காரணங்கள்.

இனி, உறுதியான தீங்குகள்

முதலிடம் சாலைக்கு. வாகனம் ஓட்டும்போது கைப்பேசி பயன்படுத்துவோர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில் 2021ஆம் ஆண்டு மட்டும் இதனால் இறந்தோர் 1,040 பேர். முப்பதாண்டு ஆய்வும் ஒரு மூளைக் கட்டியைக் கைப்பேசியின் மீது உறுதியாகச் சுமத்த முடியாத நிலையில், இந்த ஆயிரம் பேரைப் பற்றி எந்தக் குழுவிலும் எச்சரிக்கைச் செய்தி வருவதில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. யார் அழைக்கிறார்கள் என்று மூன்று நொடி குனிந்து பார்த்தால் 50 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்கு ஒப்பாகும். இயர்போனில் பேசினால் பாதுகாப்பு என்பதும் தவறு. கை விடுபடுகிறதே தவிர, மனம் விடுபடுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. அபராதத்தைவிட நல்ல தடுப்பு, வண்டியில் ஏறுமுன் கைப்பேசியை ஓட்டுநர் நிலைக்கு மாற்றிப் பையின் அடியில் போட்டுவிடுவது. வழி பார்க்க வேண்டுமெனில் புறப்படுமுன் தாங்கியில் பொருத்திக் குரல் வழிகாட்டியை இயக்குங்கள். நீங்கள் ஓட்டாதபோதும் ஒரு பொறுப்பு உண்டு: வண்டியில் வந்துகொண்டிருக்கும் கணவருக்கோ மகளுக்கோ எங்கே வருகிறீர்கள் என்று கேட்டு அழைக்காதீர்கள்.

அடுத்தது காது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரம்தான். பத்து டெசிபல் கூடியதற்கு நேரம் பத்தில் ஒன்றாகச் சுருங்குவதைக் கவனியுங்கள். நகரப் பேருந்தின் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. வெளி இரைச்சலைத் தடுக்கும் ஹெட்போன் இங்கே ஆடம்பரமன்று. அருகில் அமர்ந்திருப்பவருக்கு உங்கள் பாட்டின் சொற்கள் கேட்டால் ஒலி மிகை. கழற்றிய பின் காதில் ரீங்காரம் இருந்தால் எல்லை கடந்துவிட்டீர்கள். உட்செவியின் மயிரணுக்கள் ஒரு முறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

குழந்தைகளின் கண்ணைப் பற்றிப் பெற்றோர் நீல ஒளிக் கண்ணாடிக்குச் செலவிடும் பணத்தை வேறு எதற்கேனும் வைத்துக்கொள்ளலாம். கிட்டப்பார்வையைத் தடுப்பதில் சான்று வலுவாக உள்ளது வெளி வெளிச்சத்துக்குத்தான். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாளும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விளையாட்டு வகுப்பு வைத்துப் பார்த்தார்கள். மூன்றாண்டு முடிவில் அப்பள்ளிகளில் 30 விழுக்காட்டினருக்கும் மற்றப் பள்ளிகளில் 39 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை வந்திருந்தது. எனவே கைப்பேசியைப் பிடுங்குவதோடு நில்லாமல், மாலையில் பிள்ளையை வெயில் தாழ்ந்த தெருவுக்கோ திடலுக்கோ அனுப்புங்கள். இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்பதையும், ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பதையும் உலக சுகாதார நிறுவனம் போன்ற அமைப்புகள் வலியுறுத்துகின்றன. நிலாவைக் காட்டிச் சோறூட்டிய இடத்தில் இன்று யூடியூப் ஓடுகிறது. நிலாவுக்குத் தானாக அடுத்த காணொளிக்குத் தாவும் பழக்கம் இல்லை என்பது பெரிய வேறுபாடு. பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் கண் உலர்வு. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடுகிறது. 20 நிமிடத்துக்கொரு முறை 20 அடிக்கு அப்பால் 20 நொடி பார்த்து, வேண்டுமென்றே சில முறை இமையுங்கள்.

உறக்கத்தில் நீல ஒளியின் பங்கு மிகைப்படுத்தப்பட்டுள்ளது. 2014இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், படுக்கைக்கு முன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் படித்தவர்கள், அச்சுப் புத்தகம் படித்தபோதைவிடச் சுமார் 10 நிமிடமே தாமதமாக உறங்கினார்கள். உறக்கத்தைத் தின்பது ஒளியைவிட, நள்ளிரவு வரை நம்மை இழுத்துச் செல்லும் உள்ளடக்கமும் அலுவலகச் செய்தியும்தான். திரையை மஞ்சளாக்கிக்கொண்டு இரண்டு மணி வரை ரீல்ஸ் பார்ப்பதால் பயனில்லை. நூற்றைம்பது ரூபாய்க்கு ஓர் அலாரக் கடிகாரம் வாங்கி, கைப்பேசியைச் சமையலறையில் சார்ஜ் போடுங்கள். எழுப்புவதற்கு அது வேண்டும் என்ற சாக்கு அத்தோடு தீரும்.

தலையணை அடியில் சார்ஜ் போடுவதைத் தவிர்ப்பதற்கும் அதுவே வழி. லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் பகை. மெத்தையும் போர்வையும் வெப்பத்தை வெளியேற விடா. 2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 கைப்பேசிகள் தீப்பற்றி, லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டதற்குப் பேட்டரியின் வடிவமைப்பிலும் உற்பத்தியிலும் இருந்த குறைகளே காரணம். பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை எனில், தெருவோரத்தில் 80 ரூபாய்க்குக் கிடைக்கும் சார்ஜரை எண்ணிப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் பொறித்த சார்ஜரை மட்டும் வாங்குங்கள். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது. அப்படியே பழுது பார்ப்பவரிடம் கொண்டு செல்லுங்கள்.

கழுத்து வலிக்குச் சுருக்கமாக ஒன்று: முழங்கையை மேசையிலோ வயிற்றோடு ஒட்டியோ ஊன்றி, கைப்பேசியைக் கண்ணை நோக்கி உயர்த்துங்கள்; தலையைக் கைப்பேசியை நோக்கித் தாழ்த்தாதீர்கள். கட்டைவிரல் அடியில் வலி எடுத்தால் தட்டச்சை விட்டுக் குரல்வழி எழுதப் பழகுங்கள். தமிழில் அது இப்போது நன்றாகவே வேலை செய்கிறது.

எப்போது மருத்துவரிடம் செல்வது

கைப்பேசி அருகில் இருந்தாலே தலைவலி, படபடப்பு வருகிறது என்போர் உண்டு. அவர்கள் படும் துன்பம் உண்மையானது. ஆனால் அலை ஓடுகிறதா இல்லையா என்பதை மறைத்து நடத்திய சோதனைகளில், அலை இருக்கும்போதும் இல்லாதபோதும் அவர்களுக்கு ஒரே மாதிரி அறிகுறிகள் தோன்றின. எனவே காரணம் வேறெங்கோ இருக்கிறது என்று பொருள். அதைத் தேட வேண்டும். விடியலில் எழும்போதே கடுமையாகி வாந்தியோடு வரும் தலைவலி, முதன்முறையாக வரும் வலிப்பு, ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் குறைவது, பார்வை இரட்டையாவது ஆகியவற்றைக் கைப்பேசியின் மேல் பழி போட்டு, அதை அணைத்து வைத்துவிட்டு வீட்டிலேயே காத்திருப்பதுதான் ஆபத்து. உடனே செல்லுங்கள். நாளுக்கு எத்தனை மணி நேரம் கைப்பேசி பயன்படுத்துகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டால் நினைவிலிருந்து சொல்லாமல், அமைப்புகளில் உள்ள திரை நேரக் கணக்கைத் திறந்து அப்படியே காட்டுங்கள்.